ஒருவர் பிழையும் உலகின் பிழையும்: திருப்புட்குழி மரபுகள் வழி ஓர் ஆய்வு

முன்னுரை

மக்கள்பால் வைத்த நம்பிக்கை தளர்வது புதியதொரு நோய் அன்று. நம்பிய நண்பர் கைவிடுதலும், அறிவூட்ட வேண்டிய ஆசிரியர் அழுக்காறு கொள்ளுதலும், கொடுக்க வேண்டியவர் முகம் திரும்புதலும், கொடுமை நிகழுங்கால் கண்டவர் வாளா இருத்தலும் எக்காலத்தும் உள்ளன. இவற்றைக் கண்டு நொந்த உள்ளம், 'மக்களின் இயல்பே இதுதான்' என்றொரு முடிவுக்கு வருகிறது. அம்முடிவு அறிவு முதிர்ச்சி போலவும் தோன்றும். 'இளமையில் நம்பினோம், இப்பொழுது உண்மை கண்டோம்' என்று அது தன்னைத்தானே மெச்சிக்கொள்ளும். அஃது உண்மையில் முதிர்ச்சிதானா, அன்றி எண்ணத்தில் நேர்ந்த ஒரு பிழையா என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருள்.

தமிழிலக்கியத்தைச் சோர்வு நோக்குடையது என்பாரும் உளர். நிலையாமை கூறும் பாடல்களை அவர்கள் எடுத்துக்காட்டுவர். நம்பிக்கை நோக்கே தமிழர் நோக்கு என்பாரும் உளர். ஊரனைத்தையும் உறவாகக் கொண்ட கணியன் பூங்குன்றனாரை அவர்கள் முன்னிறுத்துவர். இருசாராரும் பாடல்களை எண்ணிப் பார்க்கின்றனரேயன்றி, நம்பிக்கை என்பது எத்தகைய அறிவினின்று பிறக்கிறது என்று வினவுவதில்லை. அவ்வினாவுக்கு விடை தேட, காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழி என்னும் ஊரோடு தொடர்புடைய இரு கதைகள் பெரிதும் துணை செய்கின்றன.

ஊரும் மரபும்

திருப்புட்குழி, காஞ்சிபுரத்திற்கு மேற்கே பாலுசெட்டிச்சத்திரத்தை அடுத்து உள்ளது. நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்று. திருமங்கையாழ்வாரின் பெரிய திருமொழியிலும் பெரிய திருமடலிலும் இடம்பெற்றது. இறைவன் விசயராகவப் பெருமாள், தாயார் மரகதவல்லி. புள் என்பது பறவை, ஈண்டுச் சடாயு. இராமன் சடாயுவுக்கு ஈமக்கடன் ஆற்றிய குழி இதுவே என்பது தலமரபு. கோயிலை ஒட்டிய குளமும் சடாயு தீர்த்தம் என்றே பெயர் பெறும்.

இவ்வுரிமையைத் திருப்புட்குழி மட்டும் கொண்டாடவில்லை. குடந்தையை அடுத்த புள்ளபூதங்குடியும், புள்ளிருக்குவேளூர் எனப்படும் வைத்தீசுவரன் கோயிலும் அவ்வாறே உரிமை கூறுகின்றன. இவற்றுள் எது மெய் என்பது இலக்கிய ஆய்வாளன் வினவும் வினா அன்று. வென்ற அரசனுக்கு நடுகல் நாட்டுதல் எளிது. போரில் தோற்ற ஒரு முதிய பறவையின் ஈமக்குழி எங்களூரில் உள்ளது என்று ஊர்கள் பல போட்டியிடுவது எதனைக் காட்டுகிறது? தோற்றும் நின்ற ஒருவனைத் தம்மவனாக்கிக்கொள்ளும் வேட்கையைக் காட்டுகிறது. அவ்வேட்கைக்கு அடிப்படை யாது என்பதைக் காப்பியத்திற் காண்போம்.

சடாயு: வான்மீகியும் கம்பரும்

சீதையைக் கவர்ந்து செல்லும் இராவணனைச் சடாயு தடுக்கிறான். முதலில் போர் தொடுக்கவில்லை, அறிவுரை கூறுகிறான். தீயவன் என்று அறிந்தும், திருந்துதற்கு ஒரு வாயில் திறந்து வைத்துப் பார்க்கிறான். அது பயன்படாதபோதுதான் போர் நிகழ்கிறது, சடாயு வீழ்கிறான். இவ்வளவில் வான்மீகியும் கம்பரும் பெரிதும் ஒத்துச் செல்கின்றனர். இதன் பின்னரே வேற்றுமை தோன்றுகிறது; நம் பொருளுக்கு அவ்வேற்றுமையே உயிர்.

வான்மீகியின் ஆரணிய காண்டத்தில், சீதையைக் காணாது அலையும் இராமன் போர் நிகழ்ந்த சுவடுகளைக் கண்டு, உலகங்கள் அனைத்தையும் அழிக்கத் துணிகிறான். ஒருவன் செய்த குற்றத்திற்காக உலகை அழித்தல் தகாது என இலக்குவன் தணிக்கிறான். அதன் பின்னரே இருவரும் குருதியில் தோய்ந்து கிடக்கும் சடாயுவைக் காண்கின்றனர். கண்டவுடன் இராமன், 'சீதையை உண்ட அரக்கனே இப்பறவை வடிவில் கிடக்கிறான்' என ஐயுற்று அம்பு தொடுக்க முனைகிறான். ஆழ்ந்த உளவியல் உண்மை இது. வஞ்சனையால் புண்பட்ட நெஞ்சு, தனக்காக உயிர் கொடுத்தவனையே வஞ்சகனாகக் காண்கிறது. அவநம்பிக்கை தீயோரை அடையாளம் காட்டுவதில்லை. நல்லோரையும் தீயோராக்கிக் காட்டுகிறது.

கம்பர் இந்நிகழ்ச்சியை இரண்டு வகையில் மாற்றியமைக்கிறார். முதலாவது, வீழ்ந்து கிடந்த சடாயுவின்மேல் இராமன் கொண்ட ஐயத்தை நீக்கிவிடுகிறார். கிழிந்து கிடந்த வீணைக் கொடியைக் கண்ட இலக்குவன், அது பறவையின் மூக்கினால் சிதைந்தது என உய்த்துணர்ந்து, சடாயு பொருதிருக்க வேண்டும் என்று கூறுகிறான். ஐயத்திற்கு மாறாக, சான்று கண்டு தெளிதல் அங்கே நிகழ்கிறது. இரண்டாவது, இராமனின் உலகழிக்கும் சினத்தை இடம் மாற்றுகிறார். கம்பரின் இராமன் சடாயுவைக் கண்டு, நிகழ்ந்ததைக் கேட்ட பின்னரே வெகுள்கிறான். தனியளாகிய பெண்ணை அரக்கன் பற்றிச் செல்லவும், சடாயு துன்புறவும், நடுங்காது நின்ற உலகங்களையும், அதனைக் கண்டிருந்த தேவர்களையும் சேர்த்து அழிப்பேன் என்கிறான்.

இச்சினத்தின் பொருளை நுணுகி நோக்குதல் வேண்டும். இராவணன்மேல் மட்டும் எழுந்த சினம் அன்று இது. செயலற்றுப் பார்த்திருந்த அனைவர்மேலும் எழுந்த சினம். தீமை செய்தவனைவிட, தீமையைக் கண்டும் வாளா இருந்த உலகமே மனிதனை மிகுதியும் நோகச் செய்கிறது. 'ஒருவரேனும் தடுத்திருக்கலாகாதா?' என்னும் கேள்வியே சோர்வு நோக்கின் விளைநிலம். ஆனால் அக்கேள்வியை எழுப்பும் இராமன், தடுத்த ஒருவனின் முன்னிலையிலேயே அதனை எழுப்புகிறான்! உலகில் எவரும் அசையவில்லை என்று கூறும்போது, அசைந்து வீழ்ந்தவன் அவன் கண்ணெதிரே கிடக்கிறான். நிகழ்ச்சியை இவ்வாறு அமைத்ததனால் கம்பர், சினத்திற்குரிய மறுப்பைச் சொல்லால் அன்றிக் காட்சியாலேயே வைத்துவிட்டார்.

அச்சினத்தைத் தணிப்பவனும் இலக்குவன் அல்லன், சாகும் சடாயுவே. அவன் கூறும் விடையோ கடுமையானது. பெண்ணைக் காட்டில் தனியே விட்டு மானின்பின் சென்றது நும் பிழை. அதனை உலகின் பிழையாக்குதல் முறையாகுமோ என்னும் கருத்துப்பட இடித்துரைக்கிறான். 'உலகம் நல்லது' என்று அவன் ஆறுதல் கூறவில்லை என்பதே ஈண்டு நினைவிற்கொள்ளத்தக்கது. பிழையைப் பங்கிட்டுக் காணச் சொல்கிறான்: அரக்கன் பிழை எவ்வளவு, நும் பிழை எவ்வளவு, உலகின் பிழை எவ்வளவு? இவ்வாறு பகுத்துக் காணும் அறிவே சினத்தைத் தணிக்கிறது. உலகத்தால் கைவிடப்பட்டவன் என்று சொல்லத்தக்க உரிமை எவருக்கேனும் உண்டெனின் அது சிறகிழந்து கிடந்த சடாயுவுக்கே உண்டு. அவனே உலகுக்காகப் பரிந்து பேசுகிறான். வான்மீகியில் இலக்குவன் வாயில் நீதியாக நின்ற கருத்து, கம்பரில் சடாயுவின் வாயில் பட்டறிவாகிவிடுகிறது.

பெருஞ்சித்திரனாரும் பிளேட்டோவும்

ஒருவர் பிழையை உலகின்மேல் ஏற்றாமை என்னும் இக்கருத்து காப்பியக் காலத்தில் தோன்றிய புதுமை அன்று. புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் வரலாறு இதற்கு முற்பட்ட சான்று. வெளிமான் இறந்தபின் அவன் தம்பி இளவெளிமானிடம் பரிசில் நாடிச் சென்றார் புலவர். அவன் சிறிது கொடுக்க, கொள்ளாது நீங்கினார். அப்பொழுது பாடிய 207ஆம் பாட்டில் தம் நெஞ்சை எழுப்புகிறார். உலகம் பெரிது, விரும்பி ஏற்பாரும் பலர் உளர் என்று அதற்கு எடுத்துரைக்கிறார். ஏமாற்றம் அவரை உலகின் அளவை நினைக்கச் செய்தது, சுருங்கச் செய்யவில்லை.

அந்நம்பிக்கை பொய்க்கவும் இல்லை. குமணன் களிறு தந்தான்; அதனை இளவெளிமானின் காவல் மரத்தில் கட்டிவிட்டுச் சென்ற செருக்கு 162ஆம் பாட்டில் உள்ளது. அதனை அடுத்த 163ஆம் பாட்டோ செருக்கினும் உயர்ந்தது. தம் மனைவியிடம், குமணன் தந்த செல்வத்தை இன்னார் என்னாது, என்னையும் கேளாது, எல்லார்க்கும் கொடு என்கிறார். வறுமையும் இகழ்ச்சியும் கண்டவர், 'நமக்கு எவர் கொடுத்தார்?' என்று பூட்டி வைக்கவில்லை. தம்மை நாடி வருவார்க்குத் தாமே குமணன் ஆகிறார். மக்களை நம்புதல் என்பது மக்களைப் பற்றிய கணிப்பு மட்டும் அன்று, பிறர் நம்பத்தக்க ஒருவராகத் தாம் நடத்தலும் ஆகும் என்பது இதனால் பெறப்படும்.

கிரேக்க நாட்டுப் பிளேட்டோவின் 'பீடோ' என்னும் உரையாடலில் சாக்கிரட்டீசு இதனை ஒத்ததொரு கருத்தை விளக்குகிறார். மக்களை அறியும் கலை இல்லாது ஒருவரை முற்றும் நம்பி ஏமாறுவோன், அவ்வாறு பலகால் நிகழ்ந்தபின், எல்லாரையும் வெறுக்கத் தொடங்குகிறான். மிக நல்லோரும் மிகத் தீயோரும் சிலரே, இடைப்பட்டோரே பலர் என்பதை அவன் அறிந்திருந்தால் அவ்வெறுப்பு வந்திராது என்பது அவர் கருத்து. எனவே மக்கள் வெறுப்பு, அளவுக்கு மிஞ்சிய அறிவின் விளைவு அன்று; அறிவுக் குறையின் விளைவு. ஷேக்சுபியரின் தைமன், உண்ட நண்பர்கள் கைவிட்டமையால் மனித இனத்தையே சபித்துக் காட்டில் வாழ்கிறான். உண்மையுள்ள பணியாளன் தேடி வந்தபோது, அவன் ஒருவனை மட்டும் விலக்காக ஒப்புக்கொண்டு, வெறுப்பை விடாது மடிகிறான். கண்முன் நின்ற சான்றினால் தன் முடிவை மாற்றிக்கொள்ளாத தைமனையும், சடாயுவின் சொல்லால் சினம் தணிந்த இராமனையும் ஒப்பிட்டு நோக்குவார்க்கு, சோர்வு நோக்கின் பிடிவாதம் எத்தகையது என்பது விளங்கும்.

யாதவப்பிரகாசர் வரலாறு

ஒருவரிடம் கண்டதை எல்லார்மேலும் ஏற்றுதல் முதற் பிழை எனின், இன்று கண்டதை என்றைக்கும் உரியதாக்குதல் இரண்டாம் பிழை. 'அவன் இத்தகையவன், இனி மாறான்' என்பது அதன் வடிவம். இதற்கு விடையாகத் திருப்புட்குழியின் இரண்டாம் கதை அமைகிறது.

இராமாநுசர் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் பயின்ற இடம் திருப்புட்குழி என்பது வைணவ மரபு. குருபரம்பரை நூல்கள் கூறும் வரலாறு பலரும் அறிந்தது. உபநிடதத் தொடர்களுக்கு ஆசிரியர் கூறிய பொருளை மாணவர் ஏற்கவில்லை. பரம்பொருளின் கண்ணுக்கு உவமையாகிய ஒரு தொடருக்கு இழிந்த பொருள் உரைக்கப்பட்டபோது மாணவர் கண்ணீர் சிந்தினார் என்பர். மாணவரின் அறிவு ஆசிரியர்க்கு அச்சமாயிற்று. காசி யாத்திரை என அழைத்துச் சென்று கங்கையில் அமிழ்த்திவிடச் சூழ்ச்சி நடந்தது. உடன்சென்ற உறவினர் கோவிந்தர் எச்சரிக்க, இராமாநுசர் விந்தக் காட்டில் பிரிந்து, வேடுவர் இருவர் துணையால் காஞ்சி மீண்டார்.

இதன் பின்னர் நிகழ்ந்ததாக மரபு கூறுவதே நமக்கு வேண்டுவது. யாத்திரை முடிந்து திரும்பிய ஆசிரியர், மாணவரை உயிரோடு கண்டு திகைக்கிறார். இராமாநுசரோ பழி தூற்றாது மீண்டும் சிலகாலம் அவரிடமே பாடம் கேட்கிறார். கருத்து வேற்றுமை முற்றியபோது பிரிவு நேர்ந்தது. ஆண்டுகள் சென்று, இராமாநுசர் துறவு பூண்டபின், யாதவப்பிரகாசரின் அன்னையார் தம் மகனை அவரிடம் செல்லுமாறு தூண்டுகிறார். முதிய ஆசிரியர் பழைய மாணவர்க்கு மாணவராகிக் கோவிந்த சீயர் எனப் பெயர் பெறுகிறார். துறவியர் ஒழுக்கம் பற்றி 'யதிதர்ம சமுச்சயம்' என்னும் நூலை இயற்றுகிறார். அந்நூல் இன்றும் கிடைக்கிறது.

இவ்வரலாற்றை அப்படியே ஏற்றல் ஆய்வு நெறி ஆகாது. எதிர்ச்சமயத்து ஆசிரியர் தோற்று அடி பணிதல் சமய வரலாறுகள் அனைத்திலும் பயிலும் ஒரு பொதுக்கூறு. வைணவ நூலார் தம் ஆசாரியரின் வெற்றியை இவ்வாறு புனைந்தனர் என்று ஒருவர் கூறின் அதனை எளிதில் மறுத்தல் இயலாது. ஆயினும் வெற்றிக் கதைக்குத் தோல்வியும் பணிவும் போதும். கொலை நினைந்த ஆசிரியரிடம் மாணவர் மீண்டும் சென்று அமர்ந்து பாடம் கேட்டதாகக் கூறும் பகுதி அதற்கு வேண்டா. அது கதைத் தலைவரின் பெருமைக்கு இழுக்காகவும் படக்கூடும். அதனை மரபு விடாது பேணியமை, வெற்றியினும் வேறொன்றை அது போற்றியது என்பதைக் காட்டும். அவ்வேறொன்று, ஒரு மனிதன் செய்த மிகத் தீய செயலே அவன் முழு வடிவம் ஆகாது என்னும் துணிபு.

மற்றொரு குறிப்பும் ஈண்டு இன்றியமையாதது. இராமாநுசர் தம் 'வேதார்த்த சங்கிரகம்' என்னும் நூலில் யாதவப்பிரகாசரின் பேதாபேதக் கொள்கையை மறுக்கிறார். ஆளைத் துறக்காமையும் கருத்தோடு உடன்படுதலும் வேறு வேறு என்பது இதனால் தெளிவு. ஒருவர்பால் நம்பிக்கை வைத்தலுக்கு அவர் தவறுகளை மறைத்தல் விலையாதல் இல்லை.

இம்மரபு வைணவத்திற்கே உரியதும் அன்று. பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலையில், மகனை இழந்த அரசமாதேவி மணிமேகலையைச் சிறையிட்டு, அறிவு மயக்கவும் இழிவு சூழவும் பட்டினியிடவும் முயல்கிறாள். அம்முயற்சிகள் தோற்றபின் மணிமேகலை பழி வாங்கவில்லை. அம்மகப்பேற்றின் துயரை உணர்ந்து அரசிக்கு அறம் உரைக்கிறாள். இருவேறு சமயங்கள், இருவேறு காலங்கள். எனினும் தீங்கு செய்தாரையே மாணாக்கராக்கும் கதைப்போக்கு ஒன்றாக உள்ளது. பசிப்பிணி நீக்க அவள் கச்சிமாநகர் புகுந்ததாகச் சாத்தனார் பாடியதும் திருப்புட்குழிக்கு அணித்தாய நிலத்தில்தான்.

வறுத்த பயறு

திருப்புட்குழியில் மூன்றாவதாக ஒரு வழக்கம் உண்டு. மகப்பேறு வேண்டும் மகளிர் சடாயு தீர்த்தத்தில் நீராடி, வறுத்த பயற்றை மடியிற் கட்டி இரவு உறங்குவர். விடியலில் பயறு முளைத்திருப்பின் வேண்டுதல் நிறைவேறும் என்பது நம்பிக்கை. தாயார்க்கு 'வறுத்த பயறு முளைப்பித்தவள்' என்னும் பெயரும் வழங்குகிறது. பயறு முளைத்தல் பற்றிய இயற்கை நூல் ஆராய்ச்சி ஈண்டு வேண்டா. உவமை என்ற அளவில் இதனை நோக்குவோம்.

வறுத்த வித்து முளையாது என்பது இந்திய மெய்ப்பொருள் நூல்களில் பழகிப்போன உவமை. பதஞ்சலியின் யோக சூத்திரத்திற்கு வியாசர் பெயரால் வழங்கும் உரையும் அதனை ஆள்கிறது. மீட்சியற்ற முடிவைக் காட்டுதற்கு அறிஞர் கண்ட சின்னம் அது. அதே சின்னத்தை ஊர்ப்பெண்டிர் தலைகீழாக்கிவிட்டனர். முடிந்தது என்று நூல் கூறுமிடத்தில், 'ஓர் இரவு காத்துப் பார்ப்போம்' என்று அவர்கள் கூறினர். கொலை சூழ்ந்த ஆசிரியர் துறவற நூல் இயற்றிய கதை வழங்கும் ஊரிலேயே இவ்வழக்கமும் உள்ளமை தற்செயலாகவே இருக்கலாம். ஆயினும் மூன்றையும் ஒருசேர எண்ணுவார்க்கு அவை ஒரே திசையைச் சுட்டுதல் புலனாகும்.

ஒரு தடையும் விடையும்

இத்துணையும் கூறியது ஏமாளித்தனத்திற்கு அரண் செய்வதாகாதோ என ஒருவர் தடை எழுப்பலாம். தக்க தடையே. கதைகளையே மீண்டும் நோக்குக. இராமாநுசர் சூழ்ச்சியை அறிந்தபின் அக்கூட்டத்தோடு கங்கைவரை செல்லவில்லை. இரவோடு இரவாக நீங்கினார். சடாயு அறிவுரை கூறியதோடு நின்றுவிடவில்லை. அது பயனற்றபோது பொருதான். திருவள்ளுவர் பகைவர்க்கும் இன்னா செய்யாமையை வற்புறுத்துகிறார். தெரிந்து தெளிதல் என ஓர் அதிகாரமும் வகுத்து, ஆராயாது நம்புதலைக் கடிகிறார். குணமும் குற்றமும் நாடி மிகுதி கண்டு கொள்க என்பதே அவர் காட்டும் அளவை. குற்றம் இல்லாதவரைத் தேடுக என்று அவர் கூறவில்லை.

அன்றியும், நம்பிக்கை எப்பொழுதும் பலிக்கும் என்று இம்மரபு உறுதி கூறவில்லை. யாதவப்பிரகாசர் திருந்தினார்; இராவணன் திருந்தவில்லை. சடாயுவின் அறிவுரை அவனளவில் வீணாயிற்று. பலிக்கும் என்பதற்காக மட்டும் வைக்கும் நம்பிக்கை, முதல் ஏமாற்றத்திலேயே மடியும் வாணிகம். உலகம் இன்னாதது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்ட பின்னரே, அதன் இயல்பறிந்தோர் இனியவற்றைக் காண்க என்று ஏவும் பக்குடுக்கை நன்கணியாரின் 194ஆம் புறப்பாட்டும் இதற்கு அரண். பிறர்க்கென முயலும் சிலரால் உலகம் நிலைக்கிறது என 182ஆம் பாட்டில் கூறிய இளம்பெருவழுதியும் 'எல்லாரும் நல்லோர்' என்று கூறவில்லை. கடலுள் மாய்ந்தவர் என்று நினைக்கப்பட்ட அப்புலவரின் பெயரோடு அக்கருத்து நிற்பது நெஞ்சை உருக்குவது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு. மக்கள்பால் அவநம்பிக்கை இரு பிழைகளால் விளைகிறது: ஒருவர் பிழையை உலகின்மேல் ஏற்றல் ஒன்று, இன்றைய நிலையை என்றைக்கும் உரியதாக்கல் மற்றொன்று. முன்னதைப் பெருஞ்சித்திரனாரும் கம்பரின் சடாயுவும், பின்னதை யாதவப்பிரகாசர் வரலாறும் மணிமேகலையும் திருத்துகின்றன. தமிழிலக்கியம் போற்றும் நம்பிக்கை தீமையை அறியாமையால் தோன்றுவது அன்று. தீமையை அளந்து, அதற்குரிய இடத்தை மட்டும் அதற்குக் கொடுத்தலால் தோன்றுவது. சோர்வு நோக்கு, நம்பிக்கை நோக்கு என இலக்கியங்களைப் பாகுபடுத்துவோர், பாடல் முடிவில் உள்ள உணர்ச்சியை மட்டும் கொள்ளாது, அவ்வுணர்ச்சி எத்தகைய அளவையால் எய்தப்பட்டது என்பதையும் காணுதல் வேண்டும்.

உலகை அழிக்கத் துணிந்த சினம், உலகுக்காகப் பரிந்த ஒரு பறவையின் சொல்லால் அடங்கியது. அப்பறவைக்கு மகனாக நின்று இராமன் ஈமக்கடன் ஆற்றினான். அக்குழி தம்மிடம் உள்ளது என ஊர்கள் பல உரிமை கொண்டாடுதலின் காரணம் இதனின் வேறாக இருத்தல் இயலாது.